விரல் மொத்தத்துக்கு ஒரு கிளை

கிளை மோதிரத்துக்குள் நுழைந்தது.

கச்சிதமாக இருந்தது. பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஜாதகம்கூட இவ்வளவு பொருந்தவில்லை.

மோதிரம் அவருடையது. குரு பலனுக்கென்று ஆள்காட்டி விரலில் போட்டிருந்த புஷ்பராகம். சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதற்கு முன் கொழுந்தன் சோப்பு போட்டு உருவிக் கொடுத்தது. விரல் வீங்கிப்போயிருந்தது. அப்போதும் சுலபத்தில் விட்டாரா மனுஷன்.

கிளை, மஞ்சள் அரளி.

வெட்டிய இடத்தில் பால் சொட்டியது. வாசலில் அவரே நட்டு, அவரே தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம். பிள்ளையாருக்குப் பூப் பறிப்பதற்கு.

பறவைக் கடைக்காரர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்.

"அந்த பிளாஸ்டிக் குச்சிய முதல்ல எடுத்துடுங்கக்கா, அதுலதான் காலெல்லாம் புண்ணாவுது. கொய்யாக் கிளை வைங்க. அவரு விரல் மொத்தத்துக்கு இருந்தா ஏறி உக்காந்துக்கும். நல்லாத் தேச்சுக் கழுவி, கொதிக்கிற தண்ணி ஊத்தி, வெயில்ல காயவெச்சு வைங்க. அரளி மட்டும் வேணாம். பட்டையக் கொத்துச்சுன்னா செத்துடும்."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவள் பத்திரமாக வீடுவரை கொண்டுவந்தாள்.

உள்ளே, கூண்டின் தரையில் அது உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறக் காக்டீல் கிளி. கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. அவர் போனதிலிருந்து தினையைக் கொறிப்பதோடு சரி. குச்சியில் ஏறுவதில்லை. உள்ளங்கால் சிவந்து வெடித்திருந்தது.

மகாராணிக்கு அவர் விரல்தான் வேண்டும்.

ராஜாத்தி என்று கூப்பிடுவார்.

இவளை, ஏய்.

சாயங்காலமானால் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு விரலை நீட்டுவார். அது தத்தி ஏறும். கொண்டையைத் தாழ்த்தித் தலையைக் குனிந்து கொடுக்கும். இன்னொரு கையால் பிடரியை நீவிவிடுவார்.

மெதுவாக. அந்தக் கைக்கு அவ்வளவு மெதுவாகவும் வரும் என்பதை அடுப்படி வாசலில் நின்றுதான் அவள் தெரிந்துகொண்டாள். வயிறு எரியும்.

அவள் தலையிலும் அந்தக் கை பட்டதுண்டு. கொத்தாகப் பிடித்துச் சுவரில் இடிப்பதற்கு. உச்சியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு அப்புறம் முடியே முளைக்கவில்லை. அதை மறைத்துத்தான் வாரி முடிவாள். பெற்ற மகளுக்குக்கூடத் தெரியாது.

போகட்டும். ஆசை ஆசையாய் வளர்த்தவரிடமே போய்ச் சேரட்டும்.

பால் கசியும் கிளையோடு போய்க் கூண்டுக் கதவைத் திறந்தாள்.

சத்தம் கேட்டதும் அது எழுந்தது. புண்பட்ட காலை மாற்றி மாற்றி வைத்துக் கதவருகே வந்தது. கொண்டை நிமிர்ந்தது. அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் கிடந்த ஈஸிசேரைப் பார்த்தது.

"அடிப் பைத்தியமே, இன்னுமா எதிர்பார்க்கிற?"

காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் அவள் வாயைத் திறந்தது அப்போதுதான். குரல் கரகரத்தது.

பாவம், அதற்கென்ன தெரியும். அதற்கு அவர் நல்லவர்.

கிளையைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் எறிந்தாள். கையை முழங்கைவரை கழுவினாள். மோதிரத்தைக் கழுவினாள். கத்தியைக் கழுவினாள். மறுபடியும் கையைக் கழுவினாள்.

பின்பக்கத்துக் கொய்யாவுக்கு யாரும் மருந்து அடித்ததில்லை. அதில் ஒன்று தேடி வெட்டினாள். மோதிரத்தை நுழைத்துப் பார்த்தாள். நுழைந்தது. கிளை கொஞ்சம் கோணல். இருந்தால் என்ன, அவர் விரலும் கோணல்தான்.

இலையை உருவினாள். கூரான கணுக்களைச் சீவினாள். தேங்காய் நாரால் தேய்த்தாள். பாசி போகிறவரை, எறும்பு முட்டை போகிறவரை. அவர் சட்டைக் காலரைக்கூட இப்படித் தேய்த்ததில்லை. அண்டாவில் கொதித்த தண்ணீரை முன்னும் பின்னும் ஊற்றினாள். மொட்டைமாடியில் போட்டு, திருப்பித் திருப்பிக் காயவிட்டாள். நல்ல வெயில். கிளை காய்கிறவரை கூண்டுத் தரையில் பழைய பருத்திச் சேலையை மடித்து விரித்தாள். பறவை அதிலேயே நின்றது.

மூன்றாம் நாள் சாயங்காலம் கிளையைக் கூண்டில் மாட்டினாள்.

வெகுநேரம் அது அசையவில்லை.

பிறகு ஒரு காலை வைத்துப் பார்த்தது. எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. ஏறிவிட்டது.

அப்பாடா.

நகங்கள் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டன. இரண்டு எட்டு நகர்ந்தது. அங்கேயே நின்று, கொண்டையைத் தாழ்த்தியது. தலையைக் குனிந்துகொடுத்தது.

குனிந்தபடியே இருந்தது.

கிளையால் என்ன செய்ய முடியும்?

அவள் அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தாள். தலை இன்னும் குனிந்தே இருந்தது.

இதுவரை அதைத் தொட்டதில்லை. எப்போது கையை நீட்டினாலும் கொத்தும். ஒரு முறை ரத்தமே வந்தது; அவர் சிரித்தார்.

கொத்தட்டும் என்றுதான் விரலை உள்ளே விட்டாள்.

பிடரியில் இறகு அவ்வளவு மெல்லிசாக இருக்குமென்று அவளுக்குத் தெரியாது. உள்ளே சூடாக இருந்தது. எப்படி நீவவேண்டும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அத்தனை சாயங்காலம் பார்த்திருக்கிறாள்.

அது கொத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டது.

வலது கை கூண்டுக்குள் இருந்தது. இடது கை எப்போது கொண்டையை அவிழ்த்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அது அவள் உச்சியில், அந்த ரூபாய் அகலத்தில், மெதுவாக நீவிக்கொண்டிருந்தது.