சூளைப் பூட்டு

நேற்றிலிருந்து இருசப்பன் வீட்டுக் கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது. உள்ளே விசும்பல் கேட்டது. சாலம்மாளைக் கண்ணிலேயே காணோம்.

பக்கத்து வீட்டுக் காசியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கொத்தடிமைகளாகக் கிடந்த செங்கல் சூளையில் இருசப்பனையும் அவன் மனைவி சாலம்மாளையும் ராத்திரியானால் கொட்டாயில் அடைத்த அதே பூட்டு. போன வருஷம் அதிகாரிகள் வந்து மீட்டபோது மற்றவர்கள் சட்டிபானையைத் தூக்கினார்கள். இவன் பூட்டையும் சாவியையும் தூக்கிக்கொண்டு கல்வராயன் மலை ஏறினான்.

"பொண்டாட்டிய பூட்டி வெக்கத்தான் அத்த தூக்கினு வந்தியா?"

வாசலில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "எங்க வூட்டு விவகாரம். வுடு யக்கா."

"சாலா! ஒரு வார்த்த பேசு, தாயி!" காசியம்மாள் கதவைத் தட்டினாள். விசும்பல் சட்டென்று நின்றது.

அந்த நேரம் பார்த்து பைக்கில் வந்து இறங்கினான் மேஸ்திரி பொன்னுரங்கம். பழைய சூளையில் இவர்களைப் பூட்டி வைத்தவன்; அது மூடியபின் வேறொரு சூளைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன்.

"செவ்வந்தின்னு ஒரு பொண்ணு சூளையிலேர்ந்து ஓடியாந்துட்டுது. இந்தப் பக்கம் வந்துதா?"

"பொண்ணும் வர்ல, ஒண்ணும் வர்ல. நீங்களாவது இந்த அநியாயத்தக் கேளுங்க மேஸ்திரி." காசியம்மாள் அவனைக் கதவருகிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். "பொண்டாட்டிய உள்ள போட்டுப் பூட்டிக்கிறான்."

இருசப்பன் கையில் கத்தி நின்றது.

"இன்னாடா, நெசமா?"

"வாய் ஜாஸ்தியாயிடுச்சிங்க. அதான்."

மேஸ்திரி பூட்டை ஆட்டிப் பார்த்தான். சிரித்தான்.

"அட, நம்ம பூட்டு! எங்கிட்ட இருந்ததுக்கு இது ஒண்ணாவது கத்துக்கினியே."

பைக் வளைவில் மறைந்தது. காசியம்மாள் இருசப்பன் எதிரே மண்ணை வாரித் தூற்றினாள்.

"நீயும் அவனும் ஒண்ணுதாண்டா!"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் கள்ளக்குறிச்சி பஸ் வந்து நின்றது. பெண் அதிகாரி ஒருவர் இறங்கினார். அவர் பின்னாலேயே, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, சாலம்மாள்.

காசியம்மாள் அவளைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள்.

சாலம்மாள் நேரே வந்து கதவிடுக்கில் வாய் வைத்துச் சொன்னாள்: "செவ்வந்தி, ஆபீசரம்மாவ கூட்டியாந்துட்டேன். அழாத, வெளிய வா."

இருசப்பன் மடியிலிருந்து சாவியை எடுத்தான். பூட்டைத் திறந்துவிட்டு, கதவிலிருந்து விலகி நின்றான்.