அதே கமாண்ட்

என்டர் தட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள். ஒன்று சோதனைக்கு. இன்னொன்று, ஆஸ்பத்திரி லேப் முழுக்க நம்பியிருக்கும் நிஜ டேட்டாபேஸ். சோதனையில் அடிக்க வேண்டிய கமாண்டை நிஜத்தில் அடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை எடுத்த பேக்கப், திங்கட்கிழமை டேட்டாவின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. மூன்று நாள் ரத்தப் பரிசோதனை முடிவுகள் மாயம்.

வேலையில் சேர்ந்து நாலே மாதம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. விஷயம் தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான்.

மறைக்கத் தோன்றவில்லை. எதிர் மேஜை சீனியரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். ஆபீஸே முதுகுக்குப் பின்னால் ‘முள்ளு’ என்று சொல்லும் அம்மாள்.

அவர் திட்டவில்லை. லேபுக்குப் போன் போட்டு, யாரும் எதையும் பதிய வேண்டாம், காகித ரிப்போர்ட்டுகளை எடுத்து வையுங்கள், திரும்ப ஏற்றிவிடலாம் என்றார். பிறகு தன் லாகினில் நுழைந்து மளமளவென்று தட்டினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். அதே கமாண்ட். அதே வெள்ளிக்கிழமை பேக்கப். அதே நிஜ டேட்டாபேஸ்.

“மேடம், நான் செஞ்ச அதே தப்பை நீங்களும் செய்யறீங்களே?”

“போனதுக்கு மேல என்ன போயிடப் போகுது? உன் சீட்டுல போய் உட்காரு. வாயைத் திறக்காதே.”

தன்னை வசமாக மாட்டிவிடத்தான் ஏதோ செய்கிறார் என்று நினைத்தாள்.

லேபிலிருந்து விஷயம் எட்டி, மேனேஜர் வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. தன் அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் துழாவினார். சீனியரைத்தான் உள்ளே கூப்பிட்டார். கண்ணாடிக் கதவையும் தாண்டி அவர் கத்தியது கேட்டது. இந்த வருஷப் புரமோஷனை மறந்துவிடச் சொன்னார்.

அவளால் உட்கார முடியவில்லை. கதவைத் திறந்தாள்.

“சார், அவங்க இல்ல. நான்தான்.”

மேனேஜரின் குரல் இறங்கியது.

“உனக்கு நல்ல மனசும்மா. அதுக்காக அடுத்தவங்க பழியைத் தூக்கிச் சுமக்காதே. கடைசியா பேக்கப்பை ஏத்தி ரெஸ்டோர் பண்ணவங்க பேர்தான் டேட்டாபேஸ்ல இருக்கற ஒவ்வொரு டேபிளுக்கும் உரிமையாளர்னு பதிவாகும். இங்க பாரு, எல்லாத்துலயும் மேடம் பேர்தான் இருக்கு.”