நூலகம் தட்டச்சு செய்கிறது

திரையின் மூலையில் பச்சைப் புள்ளி துடித்தது. யாரோ ஓர் ஆய்வாளர் கேள்வியோடு வந்திருக்கிறார்.

அந்த நாற்காலி அவளுடையதே அல்ல. அவள் பின்னறையில் உட்கார்ந்து புதுப் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிறவள். அரட்டைப் பெட்டியில் பதில் சொல்லும் பெண்ணின் பிள்ளைக்குக் காய்ச்சல்.

“ஒரு நாள்தானேக்கா, உட்காருங்க. கேக்குறவங்க திரைக்குள்ளதான் இருக்காங்க, வெளிய வந்து கடிக்கவா போறாங்க?” என்று காலையில் ஃபோனில் கெஞ்சியிருந்தாள்.

இப்போதெல்லாம் ஆய்வாளர்கள் நூலகத்துப் படி ஏறுவதே இல்லை. கேட்பதும் கொடுப்பதும் எல்லாம் இந்தப் பெட்டி வழியாகத்தான். பதில் சொல்வது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ‘நூலகம்’ என்று மட்டும் காட்டும். இந்தப் பக்கத்துக்கும் கேட்கிறவரின் துறை மட்டும்தான் தெரியும்.

பூச்சியியல் துறை.

முதுகுக்கு முட்டுக்கொடுத்திருந்த தலையணையைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தாள்.

‘வணக்கம்.. ஒரு கட்டுரை வேண்டும்.. பூட்டிக் கிடக்கிறது.. என்னால் திறக்க முடியவில்லை..’

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு புள்ளி போதாது என்று இரண்டிரண்டாக வைக்கிற மனிதர் அந்தத் துறையில் ஒரே ஒருவர்தான். காய்கறிச் சீட்டில்கூட வெங்காயத்துக்கு இரண்டு, தக்காளிக்கு இரண்டு.

அவள் வீட்டுக்காரர்.

‘வரும்போது பால் வாங்கி வரவும்’ என்று அடித்தாள். நூலகமே பால் கேட்டால் மனிதர் நாற்காலியோடு சாய்ந்துவிடுவார்.

அனுப்புவதற்குள் கட்டுரையின் தலைப்பு வந்து விழுந்தது.

வண்டு இல்லை. கரையான் இல்லை. கணையப் புற்றுநோய். வைத்தியத்துக்குப் பிடிபடாத கட்டத்தில் எத்தனை மாதம் தாங்கும் என்கிற கட்டுரை.

பாலை அழித்தாள்.

வாசகர் எதைப் படிக்கிறார் என்று வெளியே சொல்லக் கூடாது. ஏன் படிக்கிறார் என்று அவரிடமே கேட்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த விதி.

விரல் ஓடவில்லை, மனசுதான் ஓடியது. கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. தட்டில் போட்டது போட்டபடி கிடக்கும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே நிற்பார். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டால் சோப்பு என்பார். போன வாரம் அவளுக்கு ஸ்கேன் எடுத்த இடத்தில், டாக்டரோடு தனியாகப் பேசிவிட்டு வந்தவர் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. தன் உடம்பைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்!

படுபாவி மனுஷா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று திரையைப் பார்த்தே திட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறொரு நூலகத்தின் வழியாகக் கட்டுரையைத் திறந்து அனுப்பினாள்.

‘நன்றி.. பெண்களுக்குத் தனிக் கணக்கு ஏதாவது உண்டா.. ஐம்பது வயதுக்குள்.. வலி முதுகில் தொடங்கியவர்கள்..’

அவள் கை தானாகப் பின்னால் போனது.

தலையணை அங்கேதான் இருந்தது. வலியும்.

அடுத்த மேசையில் யாரோ அச்சுப்பொறிக்குள் காகிதத்தைத் தட்டித் தட்டி அடுக்கினார்கள். அந்தச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

ஏதோ அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள். அவருடைய திரையில் ‘நூலகம் தட்டச்சு செய்கிறது’ என்று வருவதும் மறைவதுமாக இருந்திருக்கும்.

‘இருக்கிறது. அனுப்புகிறேன்.’

அனுப்பினாள். திறந்து பார்க்கவில்லை.

‘கடைசியாக ஒன்று.. நோயாளியிடம் சொல்லிவிடுவது நல்லதா, சொல்லாமல் விடுவது நல்லதா.. இதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா..’

கொசுவத்திச் சுருள் வாங்கக்கூட நாலு கட்டுரை படிக்கிற மனிதர். இதற்கும் ஆதாரம் தேடி வந்துவிட்டார்.

தேடிப் பார்த்தாள். கிடைத்தது. சொல்லிவிடுவதே நல்லது என்று கட்டுக்கட்டாக. சொல்லாவிட்டாலும் குற்றமில்லை என்று ஒன்றிரண்டு; பழசு, பின்னால் வந்தவர்கள் மறுத்துவிட்டது.

இரண்டு பக்கத்தையும் வாசகர் முன்னால் வைக்க வேண்டும், எதையும் ஒளிக்கக் கூடாது. அதுவும் விதிதான்.

அந்தக் கட்டு முழுவதையும் படித்துவிட்டு, சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நிற்பார். வாய் திறக்கும், மூடும். பட்டாம்பூச்சியை ஊசியில் குத்தும் வேலையை மாணவர்களிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். அவரா இதைச் சொல்லப் போகிறார்? சொல்லி முடித்த பிறகு அந்த மனிதரில் என்ன மிச்சம் இருக்கும்?

அந்த ஒன்றிரண்டை மட்டும் அனுப்பினாள்.

‘இவ்வளவுதானா..’

‘இவ்வளவுதான்.’

 ‘நன்றி’ என்று வந்தது. அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட இல்லை.

பச்சை அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் கைப்பைக்குள் ஃபோன் அடித்தது. எடுத்தாள்.

“ஏம்மா, உன் ரிப்போர்ட் வந்துடுச்சு. வெறும் வாயுப் பிடிப்புதானாம்.”

சொல்லிப் பார்த்துப் பழகிய குரல். பாவம், நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் தடுமாறியது.

“அதைத்தானே நான் அப்பவே சொன்னேன்” என்றாள் அவள். “சரி, வரும்போது பால் வாங்கிட்டு வாங்க.”