பரிவுக்குப் பூஜ்யம்

மூளை நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெறும் டாக்டர்கள் எல்லோரும் காதில் பரிவுக் கருவி மாட்டியிருக்க வேண்டும். நோயாளியின் குடும்பத்தோடு பேசச் சொல்லிக்கொடுப்பதும் அதுதான், மதிப்பெண் போடுவதும் அதுதான்.

பன்னிரண்டு நாளாக நினைவில்லாமல் கிடந்த கணவரைப் பற்றிக் கேட்க வந்தார் புஷ்பம்மாள்.

"அவரு எந்திரிச்சிருவாரா, டாக்டரம்மா?"

"நேரடியாகப் பதில் சொல்லாதே. அந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்று கேள்" என்றது கருவி.

"அவர் நிலைமையைப் பத்தி உங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டாள் டாக்டர் நஸ்ரின்.

"இதையேதான் உங்களுக்கு முன்னாடி நாலு டாக்டருங்க கேட்டாங்க. நாலு பேரும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, எண்ணி ஏழு விநாடி பேசாம இருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்கு வர்றேன்?"

"இப்போது கையைப் பிடி" என்றது கருவி.

நஸ்ரின் அதைக் கழற்றினாள்.

"அவர் இனி கண் முழிக்க மாட்டார்மா. ரெண்டு மூணு நாள்தான் இருப்பார். வலியில்லாம நாங்க பாத்துக்குறோம்."

புஷ்பம்மாள் சுவரில் சாய்ந்து அழுதார். பிறகு குவைத்தில் இருந்த மகனை அழைத்து, "இன்னைக்கே கிளம்பி வாய்யா" என்றார்.

மாலையில் நஸ்ரினுக்குப் பரிவில் பூஜ்யம் என்று முடிவு வந்தது. மறுநாள் வந்த மகன், அப்பாவுக்கு மூச்சிருக்கும்போதே அவர் காதோரம் குனிந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான்.