நாலாவது மர ஆள்

“சஹ்லா, உங்கட ஊட்ட மூணு பேர்தானே? ஏன் நாலு வெச்சிரிக்கீங்க?”

சிபானா டீச்சர் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

சாய்ந்தமருதில் அவள் கற்பிக்கும் பாலர் பாடசாலையில் அன்று எண்ணல் பாடம். பெருவிரல் உயரத்தில் மரத்தில் கடைந்த ஆள்கள் பாயில் பரவிக் கிடந்தன. பெரியவருக்கு நெட்டை, பிள்ளைக்குக் குட்டை. நேற்றிரவு வீட்டில் உறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு மர ஆளை நிறுத்தி எண்ண வேண்டும்.

“ஆரையும் விட்டுரப்படா. விட்டாக் கணக்குப் பிழை,” என்று சொல்லித் தன் வீட்டுக்கு மூன்றை நிறுத்திக் காட்டியிருந்தாள்: தான், கணவர் முனாப், மகன்.

“டீச்சருக்கு வாப்பா இல்லையா?” என்றது ஒரு வாண்டு.

“இரிக்காரே! இந்த மாசம் அவரு எங்கட ராத்தாட கணக்கு.”

இப்போது சஹ்லாவின் முன்னால் நாலு ஆள்கள். உம்மா சரீபா, சஹ்லா, தம்பி. நாலாவது நெட்டை.

“இது வாப்பாவா, கிளி?”

“இல்ல. வாப்பா கட்டார்ல. இது கடைசி அறைக்குள்ள இரிக்கிறவரு.”

“ஆரு அவரு?”

சஹ்லா வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “கதைக்கப்படாதெண்டு உம்மா சொன்ன.”

டீச்சரின் சிரிப்பு நின்றது.

“அவரு வெளிய வாறல்ல, டீச்சர். ஆரும் கேட்டத் தட்டினா லைட்ட நூத்துருவாரு. ஒரு பேக் வெச்சிரிக்காரு. ஆரையும் தொட உடமாட்டாரு.”

ஈஸ்டர் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு, இதே ஊரில் ஒரு வீட்டுக்குள் ஆளறியாமல் தங்கியிருந்தவர்கள் வெடித்துச் சிதறிய அந்த ஏப்ரல் மாதத்தை யாரும் இன்னும் மறக்கவில்லை. மூடிய அறை, அணையும் விளக்கு, தொடக் கூடாத பை! சுற்றிலும் இருபத்திரண்டு பிஞ்சுகள் மர ஆள்களை எண்ணிக்கொண்டிருந்தன.

முனாபுக்கு அழைத்தாள்.

“பொலிசுக்குச் சொல்லு. பொறகு நம்மட தலையில விழும்,” என்றார் அவர்.

“புள்ள குட்டி இரிக்கிற ஊடுங்க. முதல்ல என்னெண்டு கேப்பம்.”

“புருசன் கட்டார்ல, ஊட்ட ஒரு ஆம்பிள. என்னத்தக் கேக்கிற? சரி, நான் வாறன். நீ தனியப் போகாத.”

அச்சம் மனிதனின் கண்களை அகலத் திறந்துவிடும். ஆனால் அயல் வீட்டுப் பக்கமாக மட்டுமே.

பகல், பாடசாலை விட்டதும் மோட்டார் சைக்கிளில் சஹ்லாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாலாவது மர ஆளைப் பிள்ளை கையை விட்டு இறக்கவேயில்லை.

கேட்டைத் திறந்த சரீபாவின் முகம் வெளிறியது.

“டீச்சர்! புள்ளைக்கு என்னவும்...?”

“புள்ளைக்கு ஒண்டுமில்ல. கடைசி அறைக்குள்ள ஆரு?”

“ஆருமில்ல. அல்லாவுக்காக மெதுவாக் கதைங்க.”

“ஆருமில்லாட்டித் திறங்க. நீங்க திறக்காட்டிப் பொலிஸ் வந்து திறக்கும்.”

சரீபா அறைக்கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள். “வேணாம் டீச்சர். மானம் போற விசயம்.”

“மானமா? அத முந்தியே யோசிச்சிரிக்கணும்.”

“போறது என்ட மானமில்ல, டீச்சர்.”

அவளுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது. முனாப் மனைவியின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். சிபானா கண்ணை இறுக மூடி, கலிமாச் சொல்லத் தொடங்கினாள்.

கதவு திறந்தது. முதலில் அந்தப் பை தெரிந்தது. பிறகு, அதைப் பற்றியிருந்த முதிய கை.

“பொலிசெல்லாம் வேணாம், மகள். நான்தான்.”

“வாப்பா!”

முனாப் தலையைக் குனிந்துகொண்டார்.

“பதினெட்டு நாளைக்கு முந்தி பஸ் நிக்கிற இடத்தில மழைக்குள்ள குந்தியிருந்தாரு,” என்றாள் சரீபா. “மகள் டீச்சர், ஊரறிஞ்சா அவவுக்குக் கொறச்சல், ஆருக்கும் சொல்லாதீங்கெண்டு கெஞ்சினாரு. அதான் மறைச்சன். பையையும் அவிழ்க்கல்ல. மகள்மார் கூப்பிட வந்தா உடன போகணுமாம். இண்டைக்கு வரைக்கும் ஆரும் வரல்ல.”

சிபானாவின் வாப்பா மீராசாஹிபு, தான் கட்டிய இரண்டு வீடுகளையும் சீதனமாக இரண்டு பெண்மக்களுக்கும் எழுதிக் கொடுத்தவர். அன்றுமுதல் பிறைக் கணக்கில் ஒரு மாதம் சிபானா வீட்டில், ஒரு மாதம் அட்டாளைச்சேனையில் மூத்தவளான ராத்தா வீட்டில். பிறை தென்பட்டால் மாதத்துக்கு இருபத்தொன்பது நாள், தென்படாவிட்டால் முப்பது. சென்ற மாத முடிவில் வானத்தை முகில் மூடியிருந்தது. “பிறை கண்டாச்சாம்” என்று சொல்லி, இதே பையைக் கையில் கொடுத்து அவரை பஸ் ஏற்றிவிட்டவள் சிபானாதான். அதற்குப் பிறகு அவள் ராத்தாவுக்கு அழைக்கவில்லை. ராத்தாவும் இவளுக்கு அழைக்கவில்லை.

“என்ன வாப்பா இது... ராத்தாட ஊட்ட போகல்லையா?”

பெரியவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பேத்தி வயதுப் பிள்ளையின் கையிலிருந்த அந்த மர ஆளைப் பார்த்தபடி சொன்னார்:

“போனன் மகள். நீ இருபத்தொம்பதோட மாசம் முடிஞ்செண்டாய். ராத்தா முப்பதெண்டு கதவச் சாத்திட்டா. ஆருட கணக்கிலயும் இல்லாத அந்த ஒரு நாளைக்குத்தான் இஞ்ச வந்தன்.”