வாசல் கமரா

பகல் இரண்டு மணிக்கே காற்று கடை ஷட்டரைப் பிடித்து உலுக்கத் தொடங்கிவிட்டது. பார்க்கிங் நகரத் தெருவில் பனி கீழே விழவில்லை, குறுக்கே ஓடியது.

"மரங்கள் முறிஞ்சு விழுகுதாம். பூட்டிப்போட்டு வெளிக்கிடுவம்," என்றபடி தயாபரன் வெங்காய மூட்டையை உள்ளே இழுத்தான்.

அப்போது அவன் மனைவி லோஜினியின் போன் சிணுங்கியது. மனோர் பார்க் வீட்டு வாசலில் பொருத்தியிருந்த கமரா, யாரோ வந்திருப்பதாகச் சொன்னது. வெறும் காற்றுக்கும் அது இப்படிக் கத்தும். அவள் அசட்டையாகத் திறந்து பார்த்தாள்.

திரையில், வீட்டு வாசலில் தயாபரன் நின்றான். இங்கே கடையில் போட்டிருக்கும் அதே நீல ஜாக்கெட், தலை நிறையப் பனி. சப்பாத்தைக் கழற்றி, போத்தல் தண்ணீரைக் கால்களில் ஊற்றிக் கழுவினான். பிறகு கதவைத் திறந்து உள்ளே போனான்.

அந்தக் குளிரில் வாசலில் நின்று கால் கழுவ யாருக்கும் விசர் இல்லை. செத்தவீட்டுக்குப் போய் வருகிறவர்கள்தான் அப்படிக் கழுவிவிட்டு உள்ளே போவார்கள்.

"இஞ்சருங்கோ, எங்கடை ஆக்கள் ஆரும் மோசம் போயிட்டினமோ?"

"இல்லையே. ஏன் கேக்கிறீர்?" பக்கத்தில் நின்ற தயாபரன் கார்ச் சாவியை எடுத்தான். "கெதியா வாரும், காத்து கூடமுதல் வீட்டை போயிடுவம்."

அவன் வெளியே போனதும் அவள் அந்தப் பதிவை மறுபடி பார்த்தாள். கால் கழுவும்போது அவன் கக்கத்தில் ஒரு மஞ்சள் கைப்பையை இடுக்கியிருந்தான். அதன் வார் அறுந்து தொங்கியது.

தெருவில் ஹோர்ன் அடித்தது. லோஜினி தன் தோளில் கிடந்த மஞ்சள் பையைத் தொட்டுப் பார்த்தாள். வார் இன்னும் அறவில்லை.