அசல் அவுரி

"அண்ணே, கதவத் தெறங்க. நீங்க குடுத்தது அவுரியே இல்ல."

அழகுமலை கடைப் பலகையை இரண்டாம் முறையும் தட்டினான்.

அன்று காலையும் வீட்டு வேலைகளை முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தான். கிணற்றில் தண்ணீர் இறைத்தான். மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டான். வாசலைக் கூட்டினான். அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு ஒச்சம்மாளைக் கூப்பிட்டு, மனைவி சந்திரவல்லியின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்கு நடந்தான்.

நாட்டு மருந்துக்கடைக் கன்னையன் ஒரு பலகையை மட்டும் எடுத்து எட்டிப் பார்த்தார். வாயில் வேப்பங்குச்சி.

"விடியக்காலமே சண்டைக்கா வந்த தம்பி?"

"சண்டைக்குத்தான். எம் பொண்டாட்டிக்குச் சின்ன வயசுலயே பித்த நரை. மருதாணி போட்டு, அது மேல அவுரியப் போட்டாக் கறுத்துரும்னு சொன்னீக. போட்டா. மருதாணிச் செவப்பு அப்பிடியே நிக்குது."

"ஊற வச்ச நேரம் பத்தாது."

"வெயில் சாயுற மட்டும் தலையில வச்சிருந்தா."

"அப்ப தண்ணியில கோளாறு."

"ஊரே குடிக்கிற தண்ணியில என்னண்ணே கோளாறு?"

"ஒடம்பு சூடா இருந்தாலும் பிடிக்காது தம்பி."

மருந்து விற்கிறவன் மேல் மட்டும் குற்றமே இருக்காது போலிருக்கிறது. அழகுமலை மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மோந்து பாருங்க. முருங்க எல. காயவச்சு இடிச்ச முருங்க எல."

கன்னையன் மோந்து பார்க்கவில்லை. "மலிவா வேணும்னு கேட்ட. மலிவாக் குடுத்தேன். மதுரைச் சரக்கு வாங்க வசதி இருந்தா எங்கிட்ட ஏன் வார?"

"மலிவா அவுரி கேட்டேன். மலிவாக் கீரை கேக்கல."

"கத்தாத தம்பி. யாவார நேரம்."

"கத்துவேன். கிணத்தடியில என்ன சொல்லிச் சிரிச்சாளுக தெரியுமா? தலையில சூடம் கொளுத்தி வச்சிருக்கான்னு. அன்னையில இருந்து அவ வாசப்படி தாண்டல. மலைக்காச்சல் வந்து படுத்தா. அப்பயும் ஒரு ஆள உள்ள விடல."

"காச்சலா? அத மொதல்ல சொல்லக் கூடாதா? கசாயம் கட்டித் தாரேன், கொண்டு போ."

"கசாயம் வேண்டாம். அவுரிதான் வேணும். மத்தியானத்துக்குள்ள தல கறுக்கணும். ராசிங்காபுரத்துல இருந்து அவ அண்ணன்மாரு, மதினிமாரு எல்லாம் வருவாக. பொறந்த வீட்டுச் சீல கொண்டாருவாக."

"அப்பிடிச் சொல்லு!" கன்னையன் சிரித்தார். "வளகாப்பா? அதுக்கா இந்தக் கோவம்? முக்காடு போட்டு ஒக்கார வச்சா எவளுக்குத் தெரியப்போகுது?"

அழகுமலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, நீங்க பேரன் பேத்தி எடுத்தாச்சு. ஒங்க மீச மட்டும் எப்பிடி இம்புட்டுக் கறுப்பா இருக்கு?"

கன்னையனின் கை தானாக மீசைக்குப் போனது.

அழகுமலை பலகையைத் தள்ளிவிட்டு உள்ளே ஏறினான். முன்னால் இருந்த டப்பாக்களைத் தொடவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டான். ஒரு சின்னச் சாடி அகப்பட்டது. திறந்து மோந்தான். அவுரிதான்.

"ஏய், அது விக்கிறதுக்கு இல்ல! எஞ் சொந்தச் செலவுக்கு வச்சிருக்கேன்!"

"தெரியுது."

சாடியை இடுக்கிக்கொண்டு அவன் தெருவில் இறங்கினான். கன்னையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். குரங்கணியிலிருந்து ஏலக்காய்ப் பொதி சுமந்து வந்த கழுதைகள் மிரண்டு ஒதுங்கின.

"கொள்ளையடிக்கிறான்! ஜமீன் கச்சேரியில சொல்லி ஒன்னக் கட்டி வச்சுத் தோல உரிக்கச் சொல்றேன் பாரு!"

"வாங்க, சேந்தே போவோம். முருங்க எலயையும் காட்டுவோம். மீசையையும் காட்டுவோம்."

கன்னையன் குரலைத் தணித்தார். "சரி, சரி. வேணுங்கிறத எடுத்துக்கிட்டுச் சாடியக் குடுத்துரு. வெதுவெதுப்பான தண்ணியில கரை. மொதல்ல பச்சையாத்தான் தெரியும், பயந்துராத. காத்துப் படப் படக் கறுக்கும்."

"நெசமாக் கறுக்குமா?"

"எம் மீசை மேல ஆணை."

வீட்டு வாசலுக்கே ஒச்சம்மாள் எதிரே வந்துவிட்டாள்.

"எங்க தம்பி போன? ராசிங்காபுரத்துக்கு இன்னும் ஆள் விடலையாமே! பொழுது ஏறுது."

"தல கறுக்கட்டும்க்கா. அப்புறம் விடுறேன்."

"ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

அவன் அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். சாடிக்காகப் பின்னாலேயே நுழைந்த கன்னையன் நிலைப்படியில் நின்றுவிட்டார். வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

சந்திரவல்லியைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

அழகுமலை அந்தச் செம்பட்டைத் தலையருகே உட்கார்ந்து பொடியைக் கரைக்க ஆரம்பித்தான். முந்தின நாள் சாயங்காலம், அண்ணன்மாருக்குச் சொல்லிவிடட்டுமா என்று அவன் கேட்டதற்கு, அவள் கண்ணைத் திறக்காமலே கடைசியாகச் சொன்னது இதுதான்:

"இந்தத் தலையோட வேண்டாங்க, மதினிமாரு சிரிப்பாக. கறுத்ததுக்கப்பறம் சொல்லிவிடுங்க."